வாலஸ் கலெக்‌ஷனில் ஒரு தையல்காரனின் மூன்று பகல்கள்

லண்டன் வெம்ப்ளியில் என் மகள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட அச்சுப்படம் ஒன்று தொங்குகிறது. சாய்த்து வைத்த பெரிய கறுப்புத் தொப்பி, நுனி மேலே சுருண்ட மீசை, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் காலர், இடுப்பில் ஊன்றிய கை. மாப்பிள்ளை அதை இணையத்தில் ஏதோ ஒரு கடையில் வாங்கியிருந்தார். சென்ற ஆண்டு மே மாதம் அங்கே போய் இறங்கிய அன்றே அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். நான் கும்பகோணத்தில் 37 ஆண்டுகளாக ஆண்களுக்கு உடை தைப்பவன். யாரைப் பார்த்தாலும் முதலில் தோள்பட்டைக்குத்தான் என் கண் போகும்.

அந்த அச்சில் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. மார்புக்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. கையில் ஏதோ பூவேலை செய்திருப்பது தெரிந்தது. ஆனால் பூவா, கொடியா, பறவையா என்று சொல்ல முடியாதபடி பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது. “இதைத் தைத்தவர் பார்த்தால் வயிறு எரிவார்” என்றேன். மகள் சிரித்தாள். “அசல் இதே ஊரில்தான் இருக்கிறது, அப்பா. ஒரே ரயில். உள்ளே போக டிக்கெட்டும் கிடையாது. நாளைக்கே போய்ப் பாருங்கள்” என்றாள்.

போனேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை போனேன். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போய்விட்டு, அவர்கள் வேலைக்குக் கிளம்பியபின் பகல் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெம்ப்ளி பார்க்கில் ஜூபிலி லைன் ரயில் ஏறினால் மாறாமல் பாண்ட் ஸ்ட்ரீட்டில் இறங்கலாம். அங்கிருந்து ட்யூக் ஸ்ட்ரீட் வழியே வடக்கே நடந்தால் பத்து நிமிடத்துக்குள் மான்செஸ்டர் சதுக்கம். அதன் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய மாளிகைதான் ஹெர்ட்ஃபோர்ட் ஹவுஸ். அதற்குள் இருப்பது வாலஸ் கலெக்‌ஷன். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கிறது. பிரபுக்கள் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொருள்கள் இவை. கடைசியாக வைத்திருந்தவர் சர் ரிச்சர்ட் வாலஸ். அவருக்குப் பின் அவருடைய மனைவி 1897-இல் காலமானபோது அனைத்தையும் நாட்டுக்கு எழுதிவைத்தார். 1900 ஜூன் மாதம் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வீடாக இருந்த இடம் என்பதால் இன்றும் வீட்டுக்குள் நடப்பது போலத்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கவசங்களும் வாள்களும் நிறைய உண்டு. நம் நாட்டுக் கட்டாரிகளும் அங்கே இருக்கின்றன. அவற்றை விரும்புகிறவர்களுக்கு அதற்கே ஒரு நாள் வேண்டும். நடுமுற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு உணவகம் வைத்திருக்கிறார்கள். நான் மகள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சதுக்கத்துக்கு வெளியே ஒரு படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மாடியில் இருப்பது கிரேட் கேலரி. நீளமான கூடம். கூரைவழி வெளிச்சம் வருகிறது. சுவர் முழுவதும் சிவப்புப் பட்டு. ஒரே நிறத்தில் நெசவிலேயே கொடி வேலை ஏறிய பட்டு அது. பக்கத்தில் போய் நின்றால்தான் கொடி தெரியும். அந்தச் சுவரில்தான் அவர் இருக்கிறார்.

அவருக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் ‘லாஃபிங் கேவலியர்’, அதாவது சிரிக்கும் குதிரை வீரர். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. படம் வரைந்த காலத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. அவர் சிரிக்கவும் இல்லை, அவர் குதிரை வீரர் என்பதற்கு ஆதாரமும் இல்லை. இந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் நேரே வாயைப் பார்க்கிறார்கள், பல் தெரியவில்லையே என்று பார்க்கிறார்கள், அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கவனித்தேன். பெயரை மறந்துவிட்டுப் பார்ப்பவருக்குத்தான் இந்தப் படம் பேசும்.

வரைந்தவர் ஃபிரான்ஸ் ஹால்ஸ். நெதர்லாந்தில் ஹார்லெம் என்ற ஊர்க்காரர். வருடம் 1624. வலது மேல்மூலையில் லத்தீன் எழுத்தில் படத்திலேயே எழுதியிருக்கிறது: வயது 26, ஆண்டு 1624. கித்தானில் எண்ணெய் வண்ணம். உயரம் 83 சென்டிமீட்டர், அகலம் 67. நம் வீட்டு ஜன்னல் கதவு ஒன்றின் அளவுதான். இந்தச் சின்னப் படத்துக்காக 1865-இல் பாரிஸ் ஏலத்தில் ஹெர்ட்ஃபோர்ட் பிரபுவும் வங்கித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த ரோத்ஸ்சைல்டு குடும்பத்தவர் ஒருவரும் மோதிக்கொண்டார்கள். பிரபு 51,000 ஃபிராங்க் கொடுத்து எடுத்தார். ஹால்ஸ் என்ற பெயரை அதுவரை பெரிதாக மதிக்காதவர்களும் அந்த விலைக்குப் பிறகு திரும்பிப் பார்த்தார்கள் என்கிறார்கள்.

நான் பார்த்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் தோள். எங்கள் ஊரில் என் சிறுவயதில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே ஆணியில் ஒரு கோட் தொங்கும். என் தந்தை தைத்துக் கொடுத்த சாம்பல் நிறக் கோட். திருமணம் ஆனவர்கள், வேலைக்கு மனுப்போடுகிறவர்கள், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டுக்குள் நுழைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பழைய வீடுகளின் சுவரில் அந்தக் கோட்டைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன். முகங்கள் மாறும், கோட் மாறாது. ஒல்லியானவர் தோளில் அது வழிந்து தொங்கும், பருத்தவர் கைக்குழியில் இழுத்துப் பிடிக்கும். ஆகவே ஒருவர் கம்பீரமாகப் படத்தில் நின்றால் எனக்கு எழும் முதல் கேள்வி: இந்த உடை இவருடையதா, அன்று ஒரு நாளைக்கு வந்ததா?

ஹார்லெம் இளைஞரின் உடை அவருடையதுதான். முழங்கை சொல்கிறது. புதுத் துணி மடியும்போது மடிப்புகள் கூர்மையாக, வரிசை இல்லாமல் நிற்கும். அணிந்து பழகிய கையில் மடிப்புகள் தங்கள் இடத்தைத் தெரிந்துகொண்டு விழும். இவருடைய கையில் விழுந்திருக்கும் மடிப்புகள் இரண்டாவது வகை. துணி விலை உயர்ந்தது. ஆனாலும் அவர் அதற்குப் பயந்துகொண்டு நிற்கவில்லை. இரவல் உடையில் நிற்பவர் கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வார். இவர் முழங்கையை நம் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அந்த முழங்கைதான் இந்தப் படத்தின் வாசல் என்று நினைக்கிறேன். படத்தில் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். முகத்துக்கு அடுத்தபடி வெளிச்சம் அதிகம் விழுவதும் அங்கேதான். கைத்துணியில் நீளவாக்கில் பிளவு விட்டிருக்கிறார்கள். பிளவின் வழியே உள்ளே அணிந்திருக்கும் வெள்ளைச் சட்டை தெரிகிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது செல்வத்தின் அடையாளம். நல்ல துணியைத் தைத்துவிட்டு அதையே வெட்டிப் பிளந்து, உள்ளே இருக்கும் இன்னொரு நல்ல துணியைக் காட்டுவது! துணியை மிச்சம் பிடித்தே பழகிய என் போன்றவனுக்கு முதலில் மனம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அந்தப் பிளவின் ஓரம் எவ்வளவு சுத்தமாக முடிந்திருக்கிறது என்று பார்த்தபிறகு அதைச் செய்த கைகளின் மேல் மரியாதை வந்தது.

அந்தக் கை முழுவதும் பூவேலை. மங்கலான அச்சில் பழுப்புக் குழம்பாக இருந்தது இதுதான். நேரில் வெள்ளை, பொன், சிவப்பு என்று நிறங்கள் தனித்தனியே நிற்கின்றன. உருவங்களும் தெரிகின்றன. தேனீக்கள், அம்புகள், தீ கொப்பளிக்கும் கொம்புகள், ஒன்றோடொன்று பின்னிய காதல் முடிச்சுகள். வணிகர்களின் தெய்வமான மெர்குரியின் இறகு வைத்த தொப்பியும், பாம்புகள் சுற்றிய அவருடைய கோலும் உண்டு. அந்தக் காலத்து டச்சுக்காரர்களிடையே, படமும் கீழே பாட்டுமாக இப்படிப்பட்ட சின்னங்களை விளக்கும் புத்தகங்கள் மிகவும் பரவியிருந்தன. படித்தவர்கள் ஒருவர் சட்டைக் கையைப் பார்த்தே அர்த்தம் சொல்லியிருப்பார்கள். காதலின் இனிமையும் வலியும் சேர்ந்த சின்னங்கள் இவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதனால் இது நிச்சயதார்த்தத்தையோ திருமணத்தையோ ஒட்டி வரைந்த படமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் ஜோடியாக ஒரு பெண்ணின் படமும் இருக்க வேண்டும். அது இதுவரை அடையாளம் காணப்படவில்லை.

தேனீயும் அம்பும் எனக்குப் புதிதல்ல. மன்மதனின் வில் கரும்பு, நாண் வண்டுகளின் வரிசை, கணைகள் மலர்கள். நம் பக்கத்துக் கோயில் தூண்களில் சிறுவயதிலிருந்து தொட்டுப் பார்த்தவைதானே! தேனும் கொட்டும் கொடுக்கும் ஒரே பூச்சியிடம் இருக்கின்றன என்பதைக் காதலோடு சேர்த்துப் பார்க்க ஹார்லெமுக்கும் தோன்றியிருக்கிறது, நம் சிற்பிக்கும் தோன்றியிருக்கிறது. என் மைத்துனர் மனைவி திருமண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறார். இப்போதெல்லாம் மணமகள் கையில் பல்லக்கும், மாலை மாற்றும் ஜோடியும் கேட்கிறார்கள். சட்டத்தில் துணியைப் பூட்டி, அளவுக் கோட்டுக்குள் வேலை முழுவதையும் முடித்த பிறகுதான் அது வெட்டுவதற்கு என் மேசைக்கு வரும். கத்திரி ஒரு நூல் விலகினாலும் ஒரு மாத உழைப்பு போய்விடும். வாலஸ் கலெக்‌ஷனில் அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு அதே பயம் வந்தது. 400 ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிளவை வெட்டியிருக்கிறார்.

ஒரு யோசனை: முதலில் ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள். (தொடாதீர்கள். காவலர்கள் அன்பாகவே சொல்வார்கள், ஆனால் சொல்வார்கள்.) அவ்வளவு கிட்டே நூல் என்று எதுவும் இல்லை, தூரிகையின் இழுப்புகள்தான் இருக்கின்றன. ஒரு கோடு, ஒரு கொக்கி, ஒரு புள்ளி. நான்கு அடி பின்னால் வந்தால் அதே கோடுகள் முறுக்கேறிய நூலாக மாறி, துணியின் மேல் எழும்பி நிற்கின்றன. ஹால்ஸ் வண்ணம் காய்வதற்கு முன்பே அதன்மேல் அடுத்த வண்ணத்தை இழுக்கும் பழக்கம் உள்ளவர். அவர் வரைந்த முன்வரைவுத் தாள்கள் என்று எதுவும் இன்று இல்லை. சாக்கட்டிக் கோடே போடாமல் துணியில் நேரே கத்திரியை வைக்கும் மாஸ்டர் ஒருவரிடம் நான் தொழில் பழகினேன். அவர் நினைவுதான் வந்தது.

இனி கறுப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடைக்கு வருகிறவர்கள் “கறுப்பு கோட்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கறுப்பில் நீலக் கறுப்பு உண்டு, பழுப்புக் கறுப்பு உண்டு, வெயிலில் பச்சையடிக்கும் கறுப்பு உண்டு. இரண்டு வெவ்வேறு ரோலிலிருந்து கோட்டையும் பேண்ட்டையும் வெட்டினால் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும், மண்டப வாசலில் நின்றால் வேறாகிவிடும். அந்தக் காலத்தில் நல்ல கறுப்புச் சாயம் ஏற்றுவது இன்னும் கடினம். கடுக்காய் போலத் துவர்ப்பு மிகுந்த மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துத் திரும்பத் திரும்ப முக்கியெடுக்க வேண்டும். அந்த இரும்பே நாளடைவில் துணியை அரித்துவிடும். அப்படித்தான் அக்காலத்துக் கறுப்பு உடைகள் பல உளுத்துப் போயின. அவை இன்று படங்களில்தான் முழுதாக இருக்கின்றன.

இந்தப் படத்தில் தொப்பி ஒரு கறுப்பு, ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. உடம்பைச் சுற்றிவரும் மேல்துணி இன்னொரு கறுப்பு. வழவழப்பாக, மடிப்பின் முதுகில் வெள்ளிபோல் வெளிச்சம் ஓடுகிறது. பூவேலைக்கு அடியில் இருப்பது மூன்றாவது. ஓவியர் வான்கா 1885-இல் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், ஹால்ஸிடம் 27 வகைக் கறுப்பு இருக்கிறது என்று எழுதினார். நான் எண்ணவில்லை. ஆனால் அவர் மிகைப்படுத்தவில்லை என்று என் தொழிலின் பேரில் சொல்வேன். மகள் வீட்டு அச்சில் இந்த அத்தனையும் ஒரே மையாக இறங்கியிருந்தது. இணையத்தில் இந்தப் படத்தை வாங்க நினைப்பவர்கள் முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். முகம் எல்லா அச்சிலும் சுமாராக வந்துவிடும். இடுப்புப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே மடிப்பு தெரிந்தால் பணம் கொடுங்கள்.

காலரையும் கைமுனை லேஸையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தனை வெண்மைக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. ஹார்லெம் லினன் துணி வெளுப்பதற்குப் பெயர்போன ஊர். காரநீரில் ஊறவைத்து, மோரில் நனைத்து, மணல்மேட்டுக்கு அடியில் ஊறும் தெளிந்த நீரில் அலசிப் புல்வெளியில் விரித்து வைப்பார்கள். வெள்ளாவி வைத்து ஆற்று மணலில் வேட்டிகளை விரித்த காட்சியைக் கண்ட கடைசித் தலைமுறை நான். அந்த வெண்மையில் இருக்கும் லேசான நீலம் கடைப் பவுடரில் வராது. ஹால்ஸுக்கு அது வந்திருக்கிறது.

வராமல் எப்படி இருக்கும்? ஹால்ஸின் தந்தை துணித் தொழில் செய்தவர். மகன் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தார்; 1585-இல் அந்நகரம் ஸ்பானியர் கையில் விழுந்த பிறகு குடும்பம் ஹார்லெமுக்கு வந்து சேர்ந்தது. துணி மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. படத்தில் இருப்பவர் யார் என்பதற்கும் ஓர் ஊகம் உண்டு: டீலமன் ரோஸ்டர்மன் என்னும் ஹார்லெம் துணி வணிகர். ஹால்ஸ் அவரை 1634-இல் வரைந்த படம் அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகச்சாயல் ஒத்துப்போகிறது என்று ஓர் ஆய்வாளர் சொன்னார். எல்லோரும் ஏற்கவில்லை. நான் அந்த ஊகத்தை ஏற்கவே விரும்புகிறேன். துணி வணிகருக்குத் தன் உடம்பைவிட நல்ல விளம்பரப் பலகை வேறு எது? மெர்குரியின் தொப்பியும் கோலும் சட்டைக் கையில் ஏறியதற்கும் அது பொருந்துகிறது.

இப்போதுதான் முகத்துக்கு வருகிறேன்.

படம் சற்றுக் கீழிருந்து மேலே பார்க்கும் கோணத்தில் இருக்கிறது. நாம் குனிந்து நிற்பவர்போல, அவர் நிமிர்ந்து நிற்பவர்போல. உதடுகள் மூடியிருக்கின்றன. மீசை நுனி மேலே போவதால் சிரிப்பதுபோல் தெரிகிறது. மீசையைக் கையால் மறைத்துப் பாருங்கள், சிரிப்பு பாதி குறைந்துவிடும். ஆனால் முழுவதும் போகாது. கன்னத்தில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத்தான் எல்லோரும் ஆணவம் என்கிறார்கள், குறும்பு என்கிறார்கள், நம்மை ஏளனம் செய்கிறார் என்கிறார்கள்.

எனக்கு அந்த முகம் தெரியும். ஆண்டுக்கு ஐம்பது அறுபது முறை அதைப் பார்க்கிறேன். திருமணக் கோட்டுக்கு டிரையல் பார்க்க வரும் மாப்பிள்ளைகளின் முகம் அது. முதல் டிரையலில் வராது. ஊசி குத்தியிருக்கும், ஒரு கை மட்டும் மாட்டியிருக்கும், அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் டிரையலில் தோள் உட்கார்ந்து, பட்டன் போட்டு, முதுகில் நான் ஒருமுறை நீவிவிட்டு ஒதுங்கி நிற்கும்போது வரும். கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள். பல் தெரியாது. உதடு மூடியிருக்கும். கன்னம் மட்டும் மெல்ல ஏறும். முகவாய் ஓர் அங்குலம் உயரும். கை தானாக இடுப்புக்குப் போகும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற பையனிடமும் அதைப் பார்த்திருக்கிறேன், பெரிய மருத்துவரிடமும் பார்த்திருக்கிறேன். அது ஆணவம் அல்ல. தன் உடம்புக்கென்றே ஒருவர் அளவெடுத்து ஒன்றைச் செய்திருக்கிறார் என்பதை உணர்ந்தவனின் முகம். வயது 26 என்று மூலையில் எழுதியிருப்பதைப் படித்தபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை பேரை அந்த வயதில் கண்ணாடி முன் நிறுத்தியிருக்கிறேன்!

இரண்டாம் நாள் மகளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் இதைச் சொன்னபோது, “அப்படியானால் இந்தப் படத்தில் தைத்தவருக்கும் இடம் வேண்டுமே, அப்பா” என்றாள். அன்று பிற்பகலே டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரிக்கு அழைத்துப் போனாள். அங்கும் கட்டணம் இல்லை. ஒரு படத்தின் முன்னால் என்னை நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

இத்தாலியரான மொரோனி சுமார் 1565 முதல் 1570-க்குள் வரைந்தது. நேஷனல் கேலரி 1862-இல் வாங்கியது. பெயர் ‘தையல்காரர்’. வெட்டு மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர் நிற்கிறார். ஒரு கையில் கத்திரி. மறு கையில் கறுப்புத் துணி. அதன்மேல் வெட்ட வேண்டிய இடத்துக்குச் சாக்கட்டிக் கோடுகள். வேலையை நிறுத்திவிட்டு, வாசலில் யாரோ வந்ததுபோல் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். அவர் அணிந்திருப்பது வெளிர் நிறச் சட்டையும் சிவப்புக் கால்சட்டையும். இடுப்பில் வாள் மாட்டும் வார்கூட இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரபுக்களுக்கும் பாதிரிமார்களுக்கும் வைக்கும் மரியாதையோடு ஒரு தொழிலாளியை நிறுத்தியிருக்கிறார் ஓவியர். கறுப்புத் துணி அவருக்கானது அல்ல, வாடிக்கையாளருக்கானது. அந்தக் கோடுகளை நான் நெடுநேரம் பார்த்தேன். கத்திரியை அவர் பிடித்திருக்கும் பிடி என் பிடிதான். கட்டைவிரல் அந்த வளையத்துக்குள் நுழைந்து நுழைந்து காய்ப்பு ஏறிய என் விரலைத் தடவிக்கொண்டே நின்றேன். மகள் என் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

லண்டனுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு படங்களையும் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் உடுத்தியவர், பிறகு தைத்தவர். இருவரும் வேறு நாடு, ஐம்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஆனாலும் ஒருவரைப் பார்க்காமல் மற்றவரை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் தனியாக, ஹார்லெம் இளைஞருக்கு மட்டுமே போனேன். அன்று தெரிந்துகொண்ட ஒரு செய்தி: வாலஸ் சீமாட்டியின் உயிலைக் காரணம் காட்டி இங்கிருந்து எந்தப் பொருளையும் வெளியே அனுப்பாமல் இருந்தார்கள், 2019-இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. 2023-இல் ஹால்ஸ் கண்காட்சிக்காக இந்தப் படம் நேஷனல் கேலரிக்குப் போய்வந்தது. அப்போது ஒரே கட்டடத்தில் இந்த உடையும் அந்தத் தையல்காரரும் சில மாதங்கள் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று ஒரு சந்தேகம் மிஞ்சியது. முழங்கையை எதற்காக இப்படி நீட்டினார்? படம் பார்ப்பவர்கள் எல்லோரும் அது வீரத்தின் நிலை, அதிகாரத்தின் நிலை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. ஊர் திரும்பியதும் காடாத் துணியில் இரண்டு துண்டுக் கை ஒன்றை வெட்டினேன். மேல் துண்டில் நீளவாக்கில் பிளவு விட்டு, ஓரத்தை மடித்துத் தைத்தேன். உள்ளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கையை மாட்டிக் கடைக் கண்ணாடி முன் நின்றேன். கையைத் தொங்கவிட்டால் பிளவின் இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளை தெரியவே இல்லை. முழங்கையை மடக்கினால் அங்கே சுற்றளவு கூடும். இது ஒவ்வொரு தையல்காரனுக்கும் பாலபாடம். மடக்கி, இடுப்பில் ஊன்றி, முழங்கையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். பிளவு தானாக வாய் திறந்தது. உள்ளிருந்து வெள்ளைச் சட்டை பளிச்சென்று எட்டிப் பார்த்தது. பூவேலை இருந்திருந்தால் அதுவும் அந்த நேரத்தில்தான் சுருக்கம் நீங்கி விரிந்திருக்கும்.

காஜா எடுத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். “மாஸ்டர், அப்படியே நில்லுங்கள்” என்று சொல்லி எழுந்துவந்து, தொங்கிக்கொண்டிருந்த கைமுனையைப் பிடித்து மேல்நோக்கி மடித்துவிட்டு, மறுபடியும் தள்ளிப்போய் நின்று பார்த்தான்.